காட்டுப்பள்ளியார் உடைமை எது?

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கிழக்கே வங்கக்கடலும், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், தெற்கே கொற்றலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகமும், வடக்கே பழவேற்காட்டு ஏரியும் சூழக் கிடப்பது காட்டுப்பள்ளித் தீவு. திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தைச் சார்ந்த இத்தீவில் மீனவரும் உழவரும் பன்னெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். தலைநகரின் பக்கத்திலேயே இருந்தும் தலைநகரால் அறியப்படாத சிற்றூர்கள் அவர்களுடையவை. அறியப்படாதிருந்த காலமே அவர்கட்கு நற்காலமாக இருந்தது என்பதுதான் கொடுமை!

இன்று அத்தீவை எல்லாரும் அறிவர். துறைமுகம் வந்துவிட்டது, இனி அங்கே மணலும் பொன்னாகும் என்று பேசுகின்றனர். மணல் பொன்னாகலாம், அப்பொன் யாருடையது? காட்டுப்பள்ளியானுக்கு அங்கே உடைமை என்று சட்டம் ஒப்புக்கொள்வது எதனை? இதனை எண்ணிப் பாராமல், வளர்ச்சி வளர்ச்சி என்று பறையறைவதில் பொருளில்லை.

மீனவனுக்குள்ள குடிசைமனை சிறிது. அவன் மெய்யான உடைமை நீர். எந்தத் திங்களில் எந்தக் கழி வளைவில் இறால் திரளும், எந்த ஓதத்தில் எவ்வலை இடவேண்டும் என்னும் அறிவு தந்தை மகனுக்கு விட்டுச்சென்ற சொத்து. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. எந்த அரசும் இயற்றிக் கொடுக்காத நீர்ச்சட்டம்! அம்முறையைக் குறையற்றதென்று போற்றவும் வேண்டா. அது குலத்தின் பெயரால் பலரைப் புறத்தே நிறுத்திய முறைதான். வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர்க்குப் பாடும் இல்லை, படகும் இல்லை. எனினும், நீரின் மேல் உரிமை என ஒன்று உண்டு, அதனை மக்களே வரையறுத்துக் காத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது சான்றன்றோ?

இவ்வுரிமை வருவாய்த்துறை ஏட்டில் இல்லை. அங்கே கழியும் மணலும் கண்டற்காடும் புறம்போக்கு. ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்டு, தனியார் எவரும் உரிமை கொண்டாடவொண்ணாத நிலத்திற்கு இட்ட பெயர் அது. பொதுவானது என்ற பொருள் தேய்ந்து, பயனற்றது என்ற பொருள் ஏறி, இன்று அச்சொல் வசைமொழியாகிவிட்டது. சொல் இழிந்ததும் நிலம் இழிந்தது. இழிந்த நிலத்தில் சாம்பலைக் கொட்டுவதும் எளிதாயிற்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இலிருந்து இயங்குகிறது. அந்நிலையத்தின் சாம்பற் குழாய்கள் உடைந்து கழி தூர்ந்த கதையைக் காட்டுக்குப்பத்தாரைக் கேட்டால் நாளெல்லாம் சொல்வர்.

கடலும் கணக்குத் தீர்க்கத் தவறுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டன. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒழுகும் மணல் அங்கே தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கரை கரைந்து, தெருக்களும் வீடுகளும் அலைவாய்ப்பட்டன. கருங்கல் கொட்டிக் கொட்டியே அக்கரை இன்று நிற்கிறது. இப்பாடத்தைக் கற்ற பின்னும் 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், அடுத்த பத்தாண்டுகளில் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுப்பப்பட்டன. கப்பல் கட்டும் தளத்திற்கும் அத்துறைமுகத்திற்குமாக ஊர்விட்டுப் பெயர்க்கப்பட்ட குடும்பத்தார், நிலையான வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. கடலை விட்டவனுக்குக் கிடைத்தது ஒப்பந்தக் கூலி. 2010-இல் அத்தீவிலேயே திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி இலிட்டர் நீரை நகருக்கு அனுப்பும் திறனுடையது. நகரின் வேட்கை தீர இடம் தந்த ஊர், தன் பிழைப்புக்கு இடம் கேட்டு நிற்கிறது!

2018-இல் இத்துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. ஏறத்தாழ 330 ஏக்கரில் உள்ளதை ஏறத்தாழ 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து ஆக்கப்படுவது. மேலும் ஒரு பெரும்பகுதி அரசு நிலம். சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், நீர்நிலையை நம்பி மூன்றாண்டுகள் வாழ்ந்த மீனவரையும் படகோட்டிகளையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றே ஏற்கிறது. நல்ல சட்டந்தான். ஆனால் நிலமெடுப்பால் பிழைப்பு கெட்டால்தான் அப்பிரிவு பேசும். அரசு தன் புறம்போக்கைத் தானே மாற்றிக்கொடுத்தால் அங்கே நிலமெடுப்பு ஏது? கடலைத் தூர்த்தால் யாரிடமிருந்து எதனை எடுத்ததாகும்? எஞ்சிய தனியார் நிலத்திற்கோ, தமிழ்நாட்டரசின் 1997-ஆம் ஆண்டுத் தொழில்நோக்க நிலமெடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்வழிச் சென்றால் குமுகாயத் தாக்க ஆய்வு கட்டாயமில்லை. உயர்நீதிமன்றம் 2019-இல் செல்லாதென்ற அவ்விலக்கு, புதுச்சட்டத்தால் உயிர்ப்பிக்கப்பட்டு, 2021-இல் உச்ச நீதிமன்றத்தாலும் ஏற்கப்பட்டது. ஆக, ஆவணம் வைத்திருப்பவனுக்கு இழப்பீடு உண்டு. அலையை நம்பியவன் கணக்கிலேயே வாரான்.

கணக்கில் வாராதவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை 2023 திசம்பர் காட்டியது. மிச்சாங் புயல்வெள்ளத்தோடு மணலி எண்ணெய்த் தூய்மிப்பு ஆலையின் எண்ணெய் கால்வாய்வழிக் கொற்றலையாற்றிலும் கழியிலும் பரவியது. படகும் வலையும் கண்டலும் கரியெண்ணெயில் தோய்ந்தன. மீனவக் குடும்பத்திற்கு 12,500 உருபாவும், படகைச் செப்பனிட 10,000 உருபாவும் அரசு அறிவித்தது. அதற்குப் பெயர் உதவித்தொகை. உடைமையை இழந்தவனுக்குக் கொடுப்பது இழப்பீடு; அது அவன் கேட்டுப் பெறும் கடன். உதவியோ கொடுப்பவன் மனம்போல் அளப்பது. நீர் உடைமையென்று எழுதப்படாதவரை, கழி எத்தனைமுறை நஞ்சானாலும் கிடைப்பது உதவியாகவே இருக்கும்.

இத்திட்டம் பற்றிய மக்கள் கருத்துக்கேட்பு 2021 சனவரி 22-ஆம் நாளுக்கு அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் விரிவாக்கத்தை ஒப்போம் என்று தி.மு.க. வாக்களித்தது. 2023 செப்டம்பர் 5-க்கு மீண்டும் நாள் குறித்து, மீண்டும் தள்ளிவைத்தனர். இத்தகைய கூட்டங்களுக்கு முன் மக்கள் கையில் தமிழில் தரவேண்டுமென விதி வற்புறுத்துவது அறிக்கையின் சுருக்கத்தை மட்டுமே. பல நூறு பக்க முழு அறிக்கை ஆங்கிலத்தில் கிடக்கும். தன் கழியின் ஆழமும் தன் கரையின் அழிவும் பற்றி எழுதப்பட்டதைத் தமிழ்மீனவன் படிக்க முடியாதென்றால், அங்கே கேட்கப்படுவது கருத்தா, கைந்நாட்டா?

செய்யவேண்டியது புதிதன்று. மீனவர் குப்பங்கள், அவர்தம் பொது இடங்கள், மீன் உலர்த்தும் களங்கள் ஆகியவற்றைக் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கையே கூறிவிட்டது. அதன்படி காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரை எக்கரை படகுக்கு, எம்மணல் வலைக்கு, எவ்வளைவு இறாலுக்கு, இருளர் கைவைத்துப் பிடிக்கும் சேறு எது என்று, ஊரார் முன்னிலையில் அளந்து, தமிழில் எழுதி, ஊராட்சி மன்றத்தில் தொங்கவிடவேண்டும். அவ்வரைபடம் தொங்கும் நாள்வரை, இத்தீவின் பெயரால் இன்னொரு கருத்துக்கேட்புக்கு மாவட்ட ஆட்சியர் நாள் குறிக்கலாகாது.