வண்டி எவ்வளவு தாங்கும்?

"இன்னும் பத்து மூட்டை போடு, வண்டி தாங்கும்" என்கிறார் வியாபாரி. வாடகை நடைக்கு இவ்வளவு என்று பேசியாகிவிட்டது. எல்லாம் ஒரே நடையில் போய்ச் சேர்ந்தால் மிச்சம் அவருக்கு. வழியில் டயர் வெடித்தால் சாவது டிரைவரும், மூட்டைமேல் உட்கார்ந்து போகும் சுமைதூக்கும் தோழனும்தான்.

பிக்கப் வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்பது பரம ரகசியமல்ல. ஆர்.சி. புத்தகத்திலேயே இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை. மொத்தம் 3,000 கிலோ, வெறும் வண்டி 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,300. வெறும் எடையில் டிரைவர் சேர்த்தியில்லை. ஆகவே அவருக்கும் கூடப் போகும் ஆளுக்குமாக 130 கிலோ தள்ளுங்கள். நிற்பது 1,170. கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையானால் 29. சென்ற அறுவடையில் இப்படிப்பட்ட வண்டியொன்றில் நாம் எண்ணியது 45!

"கூடுதலாக ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறேன்" என்பார் வண்டிக்காரர். பட்டை போட்டால் பின்பக்கம் தாழாது, பார்வைக்கு நன்றாயிருக்கும். அதனால் பிரேக் பெரிதாகிவிட்டதா? ஆக்சில் தடித்துவிட்டதா? பாரம் ஏற ஏற, பிரேக் போட்டபின் வண்டி ஓடும் தூரமும் ஏறும். டயர் நசுங்கிச் சூடேறும். பின்னால் மிதமிஞ்சி அழுத்தினால் முன்சக்கரம் பிடிப்பிழந்து, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

இதே வண்டியில்தான் நடவுக்கும் களையெடுப்புக்கும் தாய்மார்களை நிற்கவைத்து ஏற்றிச் செல்கிறார்கள். ஆளுக்கு 55 கிலோ என்றாலும் 25 பேருக்கு 1,375 கிலோ! மூட்டையாவது கீழே படுத்துக் கிடக்கும், கயிறு போட்டுக் கட்டியிருக்கும். நிற்கும் மனிதரின் பாரமோ மேலே இருக்கிறது; வளைவில் அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். சரக்கு வண்டி ஆளேற்றும் வண்டியல்ல. வேலைக்கு அழைப்பவர் வேன் வைக்கட்டும், அல்லது பஸ் சார்ஜ் கொடுக்கட்டும்.

2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. இதை டிரைவர் சம்பளத்தில் பிடிக்கும் முதலாளிகள் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 113வது பிரிவு சொல்வதென்ன? ஓட்டியவர் சொந்தக்காரர் அல்லவென்றால், சொந்தக்காரருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவின் பேரிலோதான் குற்றம் நடந்தது என்று கோர்ட் கருதலாம். சம்பளத்தில் கைவைக்க வருகிறவரிடம் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள், தோழர்களே.