என் கடை வாசலில் விழுந்தால்?

கூட்டேரிப்பட்டு டீக்கடைக்காரர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் மயிலத்துப் பூக்கடைக்காரர்களுக்கும் முதலுதவிப் பயிற்சி கொடுத்து, விபத்து என்றதும் ஓடிவரும் தன்னார்வலர் குழு ஒன்றை உருவாக்கலாம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு யோசனை எழுந்தது. அதை எதிர்த்து ஒருவர் மேடையேறி ஆவேசமாகப் பேசினார். ‘அரைகுறையாகக் கற்றவன் கை வைத்தால் பிழைக்க வேண்டியவனும் செத்துப்போவான். 108 வரும்வரை யாரும் தொடாமல் இருப்பதே நல்லது’ என்றார். பொறுப்பான பேச்சு என்று சிலர் தலையாட்டினார்கள். இதைவிடப் பொறுப்பற்ற பேச்சை நான் கேட்டதில்லை.

யாரும் தொடாமல் இருப்பார்கள் என்று அவருக்கு யார் சொன்னது? சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு பைக் சாய்ந்தால் நாலு பேர் ஓடிவருவார்கள். ஒருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பார். இன்னொருவர் நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றுவார்; அது மூச்சுக்குழாயில் இறங்கும். இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, தலை தொங்கத் தொங்க ஷேர் ஆட்டோவில் கிடத்துவார்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தண்டுவடம் அங்கேயே போய்விடும். எல்லாம் பதைப்பில் நடப்பது, அவர்கள் நல்லவர்கள். அந்த நேரத்தில் அங்கே டாக்டர் கிடையாது. கற்றுக்கொண்ட கை, கற்றுக்கொள்ளாத கை, இரண்டுதான் உண்டு. கற்றுக்கொள்ளாத கையே போதும் என்கிறார் இவர்.

அரைகுறை என்று அவர் இகழும் பயிற்சியில் பாதி, செய்யக்கூடாததைச் சொல்லித்தருவதுதான். மீதி எளிது. பீறிடும் ரத்தத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துவது. மூச்சு நின்றவரின் நெஞ்சு நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்குவது. விலா எலும்பு முறியுமாம். முறியலாம், சில வாரங்களில் கூடிவிடும். அமுக்காமல் விட்டாலோ நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதாகத் தொடங்கும். பங்குனி உத்திரத்தன்று காவடிக் கூட்டத்தைத் தாண்டி மயிலம் மலையடிவாரத்துக்கு எந்த வண்டி நாலு நிமிடத்தில் வந்துவிடும்?

108-இன் அருமை எனக்குத் தெரியும். 2008-இல் அது வந்தபிறகு பிழைத்தவர்கள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசின் பொறுப்பாக்கியது. ஆனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு உயிரோடு போய்ச் சேர்பவருக்குத்தானே அந்த 48 மணி நேரம்? ஆம்புலன்ஸுக்குப் பஞ்சமில்லாத சிங்கப்பூரே 2015-இல் ஒரு செயலியைக் கொண்டுவந்து, பக்கத்தில் இதயம் நின்று விழுந்தவரைக் காக்க அக்கம்பக்கத்துச் சாதாரண மக்களை அழைக்கிறது.

அடுத்து அவர் போலீஸ், கோர்ட் என்று பயமுறுத்தினார். உதவுபவரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-லேயே சட்ட வலு கொடுத்துவிட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. செத்துப்போன பயத்தை மேடையேறி உயிர்ப்பித்தால், அடுத்த விபத்தில் ஒதுங்கி நிற்பவர்களுக்கு இவரும் பொறுப்பு.

ஒன்றை மட்டும் ஏற்கிறேன். ஒருநாள் முகாம், சான்றிதழ், போட்டோ என்று முடிந்துபோனால் கை மறந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொம்மையை வைத்துத் திரும்பப் பழக வேண்டும். 108-ஐ அழைத்த கையோடு வேலையில் இறங்க வேண்டும்; வண்டி வந்ததும் அதில் வரும் ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு விலக வேண்டும். இதையெல்லாம் அவர் கேட்டிருந்தால் நானும் கூட நின்று கேட்டிருப்பேன். அவரோ பயிற்சியே வேண்டாம் என்றார்.

பேச்சு முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு டீக்கடைக்காரர் எழுந்தார். “சரிங்க சார், நாளைக்கு என் கடை வாசல்லயே ஒருத்தர் அடிபட்டு ரத்தம் கொட்டக் கெடந்தா, நான் என்ன பண்ணணும்? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

அவருக்கு இன்னும் பதில் வரவில்லை.