ஐயாயிரமும் ஐம்பதும்

“நாய்க்கும் ஒரு நம்பரா?” என்று கேட்கிறார்கள் நண்பர்கள் சிலர், கேலிக் குரலிலே. மனிதனுக்கே அட்டை மேல் அட்டை, எண் மேல் எண் என்று ஆகிவிட்ட நாட்டிலே, தெருக்கோடி மணிக்கும் எதிர்வீட்டு டைகருக்கும் வேறு எண்ணா என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு சற்றே சிந்திக்கவும் வேண்டுமென்று அவர்களை அழைக்கிறோம். சீமான் வீட்டுச் சோபாவிலே உறங்கும் சீமை நாயைப் பற்றிய சேதி மட்டுமல்ல இது. பாட்டாளியின் வாசற்படியிலே, அவன் தட்டிலே மிஞ்சியதைத் தின்று, அவன் குழந்தைக்குக் காவல் கிடக்கிறதே நாட்டு நாய், அதைப் பற்றிய சேதியும்கூட!

2025ஆம் ஆண்டின் இறுதியிலே சென்னை மாநகராட்சி ஆணையிட்டது. நாய் வளர்ப்போர் உரிமம் பெறவேண்டும். நாயின் உடலிலே மைக்ரோசிப் பொருத்தவேண்டும். தவறினால் 5,000 ரூபாய் அபராதம். உரிமக் கட்டணம் 50 ரூபாய். வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்குச் சான்று தேவை. மாநகராட்சியின் சிகிச்சை மையங்களிலே சிப் இலவசம். நவம்பர் 23 கெடு என்றார்கள். திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, நுங்கம்பாக்கம் என்று மையங்களுக்கு மக்கள் நாயும் கையுமாக வந்தார்கள். கெடு டிசம்பருக்குத் தள்ளிப் போயிற்று.

திட்டம் நல்ல திட்டம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், பிறகு நாம் சொல்லப்போவதை எவரும் திரித்துக் கூறாதிருக்க!

சிப் என்பது என்ன? அரிசி மணியளவு கண்ணாடிக் குப்பி. கால்நடை மருத்துவர் அதை ஊசி மூலம் நாயின் இரு தோள்களுக்கும் நடுவே தோலுக்கடியிலே செலுத்திவிடுகிறார். தடுப்பூசி போடும் நேரந்தான். அதற்கு பேட்டரி கிடையாது. உறங்கிக் கிடக்கும், ஆண்டுக்கணக்கிலே. படிக்கும் கருவியைப் பக்கத்திலே கொண்டு சென்றால், கருவி அனுப்பும் ரேடியோ அலையிலே விழித்தெழுந்து, 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். அவ்வளவே அதன் வேலை! நாய் எந்தத் தெருவிலே ஓடுகிறது என்று செல்போனிலே காட்டும் என நம்பிக்கொண்டிருப்போர் பலர். காட்டாது. நாயின் பெயரோ, உங்கள் முகவரியோ அதற்குள்ளே இல்லை. எண் நாயின் தோலுக்குள்ளே. பெயரும் முகவரியும் பதிவேட்டிலே. பதிவேடு பொய்யானால் சிப் வெறுங் கண்ணாடி.

பித்தளை வில்லையைக் கழுத்துப் பட்டையிலே கட்டிவிட்ட காலம் ஒன்றிருந்தது. பட்டை அறுந்தது, வில்லை விழுந்தது, வீட்டு நாய் தெரு நாயாயிற்று! 1996க்கு முந்திய சென்னையிலே, பிடிபட்டு எவரும் கேட்டு வராத நாயின் கதி என்ன என்பதை வயதிலே மூத்த தோழர்கள் அறிவார்கள். அதை விவரிக்க நமக்கு மனமில்லை. அறுந்து விழாத வில்லைதான் சிப்.

பயனுண்டா என்று கேட்போருக்குக் கணக்குக் காட்டுகிறோம். அமெரிக்காவிலே 53 காப்பகங்களிலே ஆராய்ந்து 2009இலே வெளியிட்டார்கள். காப்பகத்துக்கு வந்து சேர்ந்த திரிந்த நாய்களிலே, மொத்தமாகப் பார்த்தால், நூற்றுக்கு 22தான் வீடு திரும்பின. சிப் பொருத்திய நாய்களிலே நூற்றுக்கு 52! பூனையின் கதை இன்னும் விந்தை. மொத்தப் பூனைகளிலே நூற்றுக்கு இரண்டுகூட வீடு காணவில்லை. சிப் உள்ள பூனைகளிலே 38க்கு மேல் கண்டன. சரி, சிப் இருந்தும் வீடு திரும்பாத பிராணிகள் ஏன் திரும்பவில்லை? அதையும் ஆராய்ந்தார்கள். பெருங்காரணம், பதிவேட்டிலே இருந்த தொலைபேசி எண் தவறு, அல்லது துண்டிக்கப்பட்டது! கருவி தன் கடமையைச் செய்தது, மனிதன் செய்யவில்லை.

தீபாவளி இரவை நினைத்துப் பாருங்கள். வெடி வெடிக்கிறது, நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடுகிறது. விடிந்தால், மூன்று தெரு தாண்டி, வழி தெரியாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் கண்ட நகரம் இது. கழுத்தளவு நீரிலே கைக்குழந்தையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வெளியேறியவன், நாயையுமா தூக்க முடியும்? அமெரிக்காவிலே 2005இலே கத்ரீனா புயல் வீசியபோது, வளர்த்த பிராணியை விட்டு வரமாட்டோமென்று வெள்ளத்திலேயே தங்கிவிட்ட மனிதர்கள் உண்டு. அதன் பிறகே, 2006இலே, பேரிடர்த் திட்டங்களிலே வளர்ப்புப் பிராணிகளையும் சேர்த்தாகவேண்டுமென்று அங்கே சட்டம் வந்தது. நமக்கோ ஆண்டுதோறும் ஐப்பசியும் கார்த்திகையும் வருகின்றன.

சிப் தேடித் தருவது தொலைந்த நாயை மட்டுமல்ல, தொலைத்தவனையும்கூட. நாம் பெரிதெனக் கருதுவது இதைத்தான். 2024 மே மாதத்திலே ஆயிரம் விளக்குப் பகுதியிலே மாநகராட்சிப் பூங்காவிலே என்ன நடந்தது? பூங்காக் காவலாளியின் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காவல் காத்தவன் வீட்டுக் குழந்தை! நாய்களுக்கு உரிமம் இல்லை என்பது அதன் பிறகே வெளிவந்தது. அங்கே உரிமையாளர் இன்னாரென்று தெரிந்தது. தெரியாத இடங்கள் எத்தனை! ஆசைக்கு வாங்கி, அது வளர்ந்து தீனி தின்னத் தொடங்கியதும், நோய் கண்டதும், வீடு மாறும் நாள் வந்ததும், காரிலே ஏற்றிச் சென்று நெடுஞ்சாலை ஓரத்திலே இறக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகும் கனவான்கள் இல்லையா இந்த நகரத்திலே? அந்த நாய் எங்கே போகும்? குடிசைப் பகுதிக்குத்தான் வரும். பசியோடு வரும், கடிக்கும். கடிபடுவது கனவானின் பிள்ளையா? அதிகாலையிலே வேலைக்கு நடந்து போகும் துப்புரவுத் தொழிலாளியல்லவா! தோலுக்கடியிலே சிப் இருந்தால், கனவானின் பெயரை அந்த நாயே சொல்லும்.

சொன்ன பிறகு அவருக்கு என்ன தண்டனை? இங்கேதான் வேடிக்கையைப் பாருங்கள், தோழர்களே! வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாட விட்டுக் கைவிடுவது குற்றமென்கிறது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய் வரை!

உரிமம் வாங்க 50. வாங்கத் தவறினால் 5,000. வளர்த்த நாயை வீதியிலே வீசியெறிந்தால் மீண்டும் அதே 50! வைத்துச் சோறு போடுகிறவன், தாளொன்று இல்லாத குற்றத்துக்காக ஐயாயிரம் கட்டவேண்டும். துரத்திவிட்டவன் ஒரு வேளைச் சிற்றுண்டிக் காசிலே தப்பிவிடலாம். என்ன நியாயம் இது? 5,000 என்பது பங்களாவாசிக்கு ஒரு மாலை விருந்துச் செலவு. மூட்டை தூக்குபவனுக்கு எத்தனை நாள் உழைப்பு என்பதை அவனவன் தோள் சொல்லும். அஞ்சியவன் என்ன செய்வான்? நாயை அவிழ்த்துவிட்டு, “எனதல்ல” என்பான். நாய்களைக் கணக்கெடுக்க வந்த ஆணை, தெரு நாய்களைப் பெருக்கிவிட்டுப் போகும்!

இங்கிலாந்திலே 2016 ஏப்ரல் 6 முதல் நாய்களுக்கும், 2024 ஜூன் 10 முதல் பூனைகளுக்கும் சிப் கட்டாயம். அங்கேயும் அபராதம் உண்டு, 500 பவுன் வரை. ஆனால் சிப் இல்லாத நாயைக் கண்டவுடன் பணத்தை எடு என்பதில்லை. 21 நாள் தவணை தந்து அறிவிப்புக் கொடுக்கிறார்கள். பொருத்திவிட்டால் விஷயம் முடிந்தது. பொருத்த மறுத்தவனுக்கே அபராதம். இந்த முறையை இங்கே கொண்டுவருவதிலே யாருக்கு என்ன நட்டம்?

அங்கே ஒரு குறையுமுண்டு. தனியார் பதிவேடுகள் பல. எந்த எண் எந்த ஏட்டிலே என்று தேடவேண்டியிருக்கிறது. அந்தக் குறையை நாம் இறக்குமதி செய்யத் தேவையில்லை. சென்னைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று, தனியார் மருத்துவருக்குத் தனியாக ஒன்று என்று ஏடுகள் பெருகவேண்டாம். தாம்பரத்து நாய் சென்னை எல்லைக்குள் ஓடிவந்தால், ஏடு எல்லையிலேயே நின்றுவிடுமா? மாநிலம் முழுமைக்கும் ஒரே பதிவேடு வேண்டும். படிக்கும் கருவி மருத்துவ மையத்து அலமாரியிலே பூட்டிக் கிடந்தால் போதாது. நாய் பிடிக்க வரும் வண்டியிலே, ஊழியர் கையிலே இருக்கவேண்டும். இணையத்திலே விண்ணப்பம், ஊருக்கு அப்பால் மையம் என்றால் கூலிக்காரன் ஒரு நாள் கூலியை இழக்கிறான். அவனுக்கு அது இலவச சிப் அல்ல. ஞாயிற்றுக்கிழமையிலே மருத்துவர் வண்டி அவன் தெருவுக்கு வரட்டும். கைவிட்டவனுக்கு விதிக்கும் அந்த 50 ரூபாயை மாற்றவேண்டியது நாடாளுமன்றம். அங்கே நமக்காகப் பேசுவோர் பேசட்டும்.

அதுவரை வட்டக் கிளைத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. படிப்பகத்திலே மாலையிலே கூடுகிறோமே, அங்கேயே அக்கம்பக்கத்தாரின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். ஏற்கெனவே சிப் பொருத்தியவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அன்று கொடுத்த செல்போன் எண்தானா இன்றும்? புது சிம் வாங்கியிருந்தால், பதிவேட்டிலே எண்ணை மாற்றச் சொல்லுங்கள், தீபாவளிக்கு முன்பே.