ஊசியும் ஜாதகமும்

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 14 வயதுப் பெண்ணொருத்திக்கு அடிக்கடி தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்துகொண்டிருந்தது. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். சனி பிடித்திருப்பதாகச் சோதிடன் சொன்னதின்பேரில் எள் விளக்கு ஏற்றினார்கள். முழங்கால் வீங்கி, அது வடிந்து கணுக்கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகே ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. இது ருமாட்டிக் காய்ச்சல் என்றும், இருதய வால்வு பழுதாகியிருக்கிறதென்றும், 21 நாளைக்கொரு பென்சிலின் ஊசி பல வருஷம் போடவேண்டுமென்றும் டாக்டர் சொன்னார்.

ஒரு வருஷம் போட்டார்கள். பெண் ஓடியாடித் திரியவே, "சுகமாயிருக்கிறவளுக்கு ஊசி எதற்கு?" என்றார் தகப்பனார். "ஜாதகம் எடுக்கப் போகிற பெண். ஊசி போடுகிறவள் என்று தெரிந்தால் எவன் கட்டுவான்?" என்றாள் பாட்டி. ஊசி நின்றது. தொண்டைப் புண் திரும்பிற்று, காய்ச்சலும் திரும்பிற்று. இப்போது ஆபரேஷன் வேண்டுமென்கிறார்கள். இதற்கும் சனியைத்தான் குற்றம் சொல்லுவதா?

நிற்க, இந்த நோயின் சங்கதிதான் என்ன? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தொண்டையில் குடியேறுகிறது. அதை எதிர்க்க உடம்பு எழுப்பும் படை, சிலரிடத்தில் தன் சொந்த மூட்டையும் இருதயத்தையுமே தாக்கிவிடுகிறது. 5 முதல் 15 வயதுக்குள்தான் இது அதிகம். திரும்பி வருந்தோறும் வால்வு மேலும் கெடுகிறது. ஆகவே ஊசியின் வேலை இன்றைய காய்ச்சலைத் தணிப்பதல்ல. அடுத்த கிருமி காலூன்றாமல் காவல் காப்பதாகும். அந்தக் காவல் மூன்று நான்கு வாரத்துக்கே நிற்குமாதலால் தவணை தவறக்கூடாது. இருதயம் கெடாதவர்க்கே குறைந்தது 5 வருஷம். கெட்டவர்க்கு 10 வருஷமோ அதற்கு மேலோ. மழை பெய்யவில்லையென்று கூரையைப் பிரித்துப் போடுகிறவனை நாம் என்னவென்று சொல்லுவோம்?

"மருந்து அதிகமானால் கிருமி பழகிவிடுமாமே" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. 1928-ல் பென்சிலினைக் கண்ட பிளெமிங்கே, 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது, அளவு குறைந்த மருந்தால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். சளி பிடித்ததற்கெல்லாம் கடையில் நாலு மாத்திரை வாங்கி, இரண்டை விழுங்கிவிட்டு நிறுத்துகிறோமே, அதுதான் அந்தக் குற்றம். இந்தத் தொண்டைக் கிருமியோ பென்சிலினுக்கு இன்றும் பணிந்தே வருகிறது. ஆதலால் டாக்டர் காரணம் காட்டிப் போடும் நீண்ட கால ஊசியையும், நாமாக வாங்கி விழுங்கும் மாத்திரையையும் ஒரே தராசில் வைக்கலாகாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்னதாகவே டாக்டரிடம் சொல்லட்டும். வேறு மருந்து உண்டு.

நோயை மறைத்துக் கலியாணம் முடித்து, அப்பெண் கர்ப்பமாகும்போது, பழுதான வால்வு அந்தப் பாரத்தைத் தாங்காமல் மூச்சுத் திணறினால், பத்துப் பொருத்தம் பார்த்த சோதிடனா வந்து காப்பாற்றுவான்? ஊசி போடுவது வெட்கமல்ல. ஒரு பெண்ணின் உயிரைவிட ஊர்ப் பேச்சைப் பெரிதென்று நினைப்பதே வெட்கம்.

பெற்றோர்களே! அப்பெண்ணுக்கும் அறிவு இருக்கிறது. நோயின் காரணத்தை அவளுக்கு விளங்கச் சொல்லி, ஊசிச் சீட்டை அவள் கையிலேயே கொடுங்கள். ஜாதகக் கட்டத்தைப் பார்ப்பதை விட்டு, அடுத்த ஊசியின் தேதியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.