பெயரறிந்து கேட்போம்

செங்கம் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் தமிழ் பயின்றோர் நெஞ்சில் எழுவது மலைபடுகடாம். பத்துப்பாட்டுள் பத்தாவதாக நிற்கும் இந்நூலை 583 அடிகளில் பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். அந்தச் செங்கண்மாவே சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள இன்றைய செங்கம் என்பது அறிஞர் துணிபு. மலையை யானையாகவும், அதனிடத்து எழும் ஓசைகளை அதன் மதநீராகவும் கருதி இப்பெயர் அமைந்தது என்பர் உரையாசிரியர். அருவி வீழும் ஒலி, தேன் எடுப்போர் ஆரவாரம், குறவர் குரவை, தினை குற்றும் மகளிர் பாட்டு, கிளி ஓட்டுவோர் குரல், மந்திகளின் பூசல், பன்றிப்பறை, கரும்பாலையின் ஓசை எனப் புலவர் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிகளை அடுக்கிச் செல்கிறார். கண்ணால் கண்ட மலையைப் பாடிய புலவர் பலர். காதால் கேட்ட மலையைப் பாடியவர் இவர்.

இத்தகைய செவி இன்று நமக்கு இருக்கிறதா? நம் காலத்தில் இதே நோக்கோடு எழும் ஓர் இசை வகையை நாம் எவ்வாறு தேடிக் கேட்க வேண்டும்? இவ்விரு வினாக்களையும் மாணவர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சூழலிசை

மேலைநாட்டார் 'ஆம்பியன்ட்' என்று வழங்கும் இசையைச் சூழலிசை எனலாம். பல்லவி, சரணம் என்ற கட்டமைப்போ, விரையும் தாளமோ பெரும்பாலும் இதில் இராது. நீண்டு நிற்கும் ஒலிகள், மெல்ல மாறும் சுருதிகள், மழை, காற்று, பறவை போன்ற இயற்கை ஓசைகள் இவற்றால் ஆயது இது. பிரெஞ்சு இசையறிஞர் எரிக் சாத்தி 1917ஆம் ஆண்டிலேயே, அறையில் உள்ள நாற்காலி மேசைபோல் உடனிருக்கும் இசை என்னும் கருத்தை முன்வைத்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரையன் ஈனோ 1978இல் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' என்னும் இசைத்தட்டின் வழியாக இப்பெயர் நிலைபெற்றது. கூர்ந்து கேட்பார்க்குச் சுவை தர வேண்டும், கேளாது இருப்பார்க்கு இடையூறு செய்யலாகாது என்பதே அவர் கொண்ட நெறி.

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. தம்புராவின் சுருதி ஒன்றையே நெடுநேரம் கேட்டுப் பழகிய செவி நம்முடையது. இன்று கச்சேரி மேடைகளில் மின்னணுச் சுருதிப்பெட்டி ஒலிப்பதை எவரும் வேற்றுப் பொருளாகக் கருதுவதில்லை. 1986இல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியின் துணைகொண்டு இசை அமைத்தார். 1992இல் 'ரோஜா' வந்தபின் மின்னணு ஒலி தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகள் வரை பரவிற்று. ஆகவே கருவி நமக்கு அயலன்று. அக்கருவியைக் கொண்டு திரைப்படத்தின் நிழலுக்கு வெளியே, தாமே ஆக்கித் தாமே வெளியிடும் கலைஞரே நமக்கு அயலாராக இருக்கின்றனர்.

அகமதாபாத்தின் ஒலிநாடாக்கள்

இத்தகைய இசை நம் நாட்டில் எத்துணை முன்னரே எழுந்தது, எங்ஙனம் மறைந்தது, எவ்வாறு மீண்டது என்பதற்கு அகமதாபாத் நகரில் நிகழ்ந்தது தக்க சான்றாகும். அங்குள்ள தேசிய வடிவமைப்புக் கழகம் 1961இல் தோன்றியது. அதன் வளர்ச்சியில் சாராபாய் குடும்பத்தார்க்குப் பெரும்பங்கு உண்டு. அக்குடும்பத்துக் கீதா சாராபாய் 1946இல் நியூயார்க் சென்றபோது, அமெரிக்க இசையறிஞர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேலை இசையைக் கற்றவர். அத்தொடர்பின் பயனாகக் கேஜின் நண்பர் டேவிட் டியூடர் 1969இல் அகமதாபாத் வந்து, 'மூக்' என்னும் சிந்தசைசர் கருவியோடு ஒரு மின்னணு இசைக்கூடத்தை அக்கழகத்தில் நிறுவினார்.

1972 வரை அக்கூடம் இயங்கியது. கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கு இசை ஆக்கினர். மாத்தூர் ஆக்கிய ஒன்றன் பெயர் 'என் பறவைகள்' எனப் பொருள்படும். பின்னர் கூடம் மூடப்பட்டது. நாடாக்கள் ஆவணக் காப்பறையில் உறங்கின. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இந்திய இசை வரலாற்றில் அவர்தம் பெயர் பேசப்படவில்லை. இலண்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் பால் பர்கஸ் அக்காப்பறையில் தேடி 27 நாடாச் சுருள்களைக் கண்டெடுத்தார். அவை செப்பம் செய்யப்பெற்று, அவற்றுள் தேர்ந்தவை 2023இல் 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்னும் தொகுப்பாக வெளிவந்தன.

மும்பையின் சரண்ஜித் சிங் வரலாறும் இத்தகையதே. திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த அவர், 1982இல் பத்து இராகங்களைச் சிந்தசைசரிலும் தாளப்பொறியிலும் தனியொருவராக வாசித்துப் பதிவு செய்தார். அத்தட்டு அன்று விலைபோகவில்லை. எடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் 2002இல் தில்லிக் கடையொன்றில் அதைக் கண்டு வாங்கினார். 2010இல் அது மறுபதிப்பாக வந்தபின் உலகம் வியந்தது. சரண்ஜித் சிங் 2015இல் மறைந்தார். வாழ்நாளின் இறுதி ஐந்தாண்டுகளில்தான் அவர் அந்தப் புகழைக் கண்டார்.

ஏடும் நாடாவும்

இவ்வரலாறுகளைக் கேட்கும் தமிழ் மாணவர்க்கு உ.வே. சாமிநாதையர் நினைவு வாராதிராது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட வினாக்களால் தூண்டப்பெற்றுச் சீவக சிந்தாமணி ஏடுகளைத் தேடத் தொடங்கினார் அவர். 1887இல் அந்நூலை அச்சிட்டார். 1889இல் பத்துப்பாட்டு வெளிவந்தது. செங்கத்து மலையின் ஓசைகள் அச்சேறியது அந்த ஆண்டில்தான். ஏட்டைக் கறையான் தின்னும். நாடாவைப் பூஞ்சை தின்னும். காப்பவர் ஒருவரும் தேடுபவர் ஒருவரும் இல்லையேல் இரண்டும் ஒருவழியே போகும்.

பரிபாடல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இன்னும் கூர்மையானது. எழுபது பாடல்களுள் முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றுட் பலவற்றின் கீழ்ப் பாடியவர் பெயரோடு இசையமைத்தவர் பெயரும், பண்ணும் குறிக்கப்பட்டுள்ளன. மருத்துவன் நல்லச்சுதனார், பெட்டனாகனார், கண்ணனாகனார் முதலியோர் இசையமைத்தனர் என்று அறிகிறோம். ஆயின் அவர்கள் அமைத்த இசை எப்படி ஒலித்தது என்பதை இன்று எவரும் அறியார். பெயர் தங்கியது, ஒலி போயிற்று.

இன்றோ இதற்கு நேர்மாறான இழப்பு நேர்கிறது. ஒலி குவிகிறது, பெயர் போகிறது. கைபேசிச் செயலியில் 'உறக்கத்திற்கான இசை', 'படிப்பதற்கான இசை' என்று தட்டினால் மணிக்கணக்கில் ஒலி வந்துகொண்டே இருக்கும். ஆக்கியவர் யார் என்று கேட்பார் இல்லை. பெரிய இசைச் செயலி ஒன்றில், இத்தகைய பட்டியல்களில் குறைந்த விலைக்கு வாங்கப்பெற்ற இசை புனைபெயர்களில் நிரப்பப்படுவதை அமெரிக்க எழுத்தாளர் லிஸ் பெல்லி 2025இல் வெளியான 'மூட் மெஷின்' என்னும் நூலில் விரிவாக எழுதியுள்ளார். பெயர் தெரியாத புலவனையும் அவன் பாட்டில் உள்ள தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்றும், ஓரேருழவனார் என்றும் பெயரிட்டுப் போற்றியது நம் தொகை மரபு. பாட்டு ஆளில்லாமல் நிற்றலாகாது என்று கருதினர் அவர்கள். இல்லாத ஆளின் பெயரை இசைமேல் ஒட்டும் வாணிகம் அம்மரபுக்கு முற்றிலும் மாறானது.

'இது எந்தப் படம்?'

மலைச்சிற்றூரிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர் ஒருவர், தம் பாட்டியார் உரலில் சாமை குத்தும் ஓசையைக் கைபேசியில் பதிவு செய்து, அதனுடன் நீண்ட சுருதி ஒன்றைச் சேர்த்துப் பதினொரு நிமிட இசையாக ஆக்கியிருந்தார். வகுப்புத் தோழர் பலரும் அவரைக் கேட்ட முதற்கேள்வி, 'இது எந்தப் படத்தில் வருகிறது?' என்பதே. அவ்வூருக்கு அரவை எந்திரம் வந்துவிட்டது. அந்த உரலோசை இனி அப்பதிவில் மட்டுமே இருக்கும். அப்பதிவோ ஒரு கைபேசிக்குள் இருக்கிறது. கைபேசி பழுதானால் அதுவும் போகும்.

இசை என்றால் திரையிசை என்று முடிவு கட்டிவிட்ட மனநிலையே அக்கேள்வியைப் பிறப்பித்தது. திரையிசையைப் பழிப்பது என் கருத்தன்று. அதில் மேதைகள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு வெளியேயும் இசை வாழ்ந்திருக்கிறது. நாகூர் ஈ.எம். அனிபா 2015இல் மறையும் வரை, இசைத்தட்டு, ஒலிநாடா என ஒவ்வொரு காலத்துச் சாதனத்திலும் பெரும்பாலும் திரைப்படத்தின் துணையை நாடாமலே வீடுதோறும் ஒலித்தார். இளையராஜாவே 1986இல் 'ஹௌ டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பைப் படம் எதையும் சாராமல் வெளியிட்டார். எனவே 'எந்தப் படம்?' என்பதை விடுத்து, 'யார் ஆக்கியது?' என்று கேட்கப் பழக வேண்டும்.

தேடும் முறை

பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் கலைஞர் தம் இசையைத் தாமே வெளியிட்டு விற்கின்றனர். அத்தளம் இசைக்கோப்பு விற்பனையில் பொதுவாக 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. பணப்பரிமாற்றக் கட்டணம் போக எஞ்சியது ஆக்கியவரைச் சேர்கிறது. வாங்குமுன் கேட்டுப் பார்க்கவும் பெரும்பாலும் இடம் உண்டு. ஊர்ப்பெயராலும் இசை வகையாலும் அங்கே தேடலாம். ஒன்றைக் கண்டால் அதனோடு உள்ள குறிப்பைப் படிக்க வேண்டும். யார் வாசித்தார், எங்கே பதிவாயிற்று, எந்த ஆண்டு, யார் வெளியிட்டார் என்பவற்றை ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பரிபாடலின் அடிக்குறிப்பும் இதுவும் ஒரே இனம்.

ஒரு தொகுப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை, இயன்றால் அதற்குரிய பொழுதில் கேட்பதும் நன்று. அருஷி ஜெயின் என்னும் இந்தியக் கலைஞர் 2021இல் வெளியிட்ட 'அண்டர் தி லைலாக் ஸ்கை' என்னும் தொகுப்பு இந்துஸ்தானி இராகங்களைச் சிந்தசைசரில் அமைத்து, கதிரவன் மறையும் பொழுதில் கேட்பதற்கென ஆக்கப்பட்டது. யாழையும் பறையையும் நிலத்துக்குரிய கருப்பொருள்களாகச் சேர்த்துச் சொன்ன தொல்காப்பியரைக் கற்றோர்க்கு, நிலமும் பொழுதும் இசையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எழக்கூடிய ஐயங்கள்

'இது இசையா, இரைச்சலா?' என்று கேட்போர் உண்டு. எல்லாம் சிறந்தவை என்று நான் சொல்லவில்லை. ஏட்டுச்சுவடிகளிலும் சிறந்தவையும் அல்லாதவையும் கலந்தே இருந்தன. காத்த பின்னரே தரம் பிரித்தார்கள். காக்காமல் தரம் பிரிக்க வழியில்லை.

இசை பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நம் சமுதாயப் பெரியவர்கள் நினைவூட்டக்கூடும். அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பணியன்று. ஆயினும் கேட்பவர் எவராயினும் ஆக்கியவரின் பெயரை மறையாமலும், அவர் கூலியைப் பறியாமலும் இருத்தல் வேண்டும். உழைத்தவன் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கக் கற்றவர்கள் நாம். திருட்டுப் பதிவிறக்கம் அந்நெறிக்குப் பொருந்தாது.

'தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை?' என்பது மற்றொரு வினா. செங்கம் வட்டாரத்து வயல்களிலும் மேடுகளிலும் கிடந்த வீரர் கற்கள் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக 1972இல் வெளிவந்திராவிட்டால், அவை தமிழ் எழுத்தின் வரலாற்றுக்குத் தரும் சான்று எளிதில் நம் கைக்கு எட்டியிராது. கல்லைப் படிக்கும் துறை ஒலியையும் படிக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

நம் துறையில் ஒலிப்பதிவேடு ஒன்றைத் தொடங்கலாம். ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் தம் ஊரின் ஓர் ஒலியைப் பதிந்து வரட்டும். சவ்வாது மலையில் சாமை புடைக்கும் ஓசை, செய்யாற்றில் புதுவெள்ளம் வரும் ஓசை, இரமலான் இரவில் சஹர் வேளைக்குத் தாயிரா கொட்டி எழுப்பும் பக்கீர்மார் பாட்டு, சந்தை நாளின் கூவல் எனப் பொருளுக்குப் பஞ்சமில்லை. பாடுவோரிடம் இசைவு பெற்று, பதிந்தவர் பெயர், இடம், நாள், நேரம் ஆகியவற்றை எழுதி, ஒரு படி துறையிலும் மற்றொரு படி நூலகத்திலும் வைக்கலாம். அதிலிருந்து இசை ஆக்க விரும்பும் மாணவர் ஆக்கட்டும். அதையும் அவர் பெயரோடு வெளியிடுவோம்.

பெருங்கௌசிகனார் கேட்ட மலை இன்றும் நம் கண்முன் நிற்கிறது. அதன் ஓசைகளுள் பல நம் தலைமுறையிலேயே நின்றுபோகும். அந்தப் பதினொரு நிமிடப் பதிவை நம் ஒலிப்பதிவேட்டின் முதல் எண்ணாக, ஆக்கிய மாணவர் பெயரோடும், உரல் குத்திய அம்மூதாட்டியின் பெயரோடும் இவ்வாண்டே பதிவு செய்வோமாக.