களாப் புதரும் கலிவிக் கோழியும்

அழிந்தொழிந்தது என்று அறிஞர்கள் ஏட்டை மூடிவிட்ட ஒரு பறவையைத் தேடிச் சென்ற வரலாற்றைக் கூறும் ஆவணப்படம் ஒன்றை அண்மையில் காண நேர்ந்தது. ஸ்காட் கிராக்கர் என்பவர் 2009-ஆம் ஆண்டில் எடுத்த அப்படத்தின் பெயர் 'கோஸ்ட் பேர்ட்'. ஆவிப் பறவை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்க நாட்டின் ஆர்கன்சா மாநிலத்தில் பிரிங்க்லி என்று ஓர் ஊர். தொழில் குன்றி, கடைகள் அடைபட்டு, பிழைப்புக்கு வழி தேடிக்கொண்டிருந்த ஊர் அது. அதனை அடுத்த சதுப்புக்காட்டில் 2004-ஆம் ஆண்டு படகு வலித்துச் சென்ற ஒருவர், தந்த அலகு மரங்கொத்தியைக் கண்டதாகக் கூறினார். மறு ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தார் அதனை உலகிற்கு அறிவித்தனர். அவர்கள் காட்டிய முதன்மையான சான்று சில விநாடிகளே ஓடும் மங்கலான படச்சுருள். ஊரார் சும்மா இருப்பார்களா? பறவையின் பெயரால் பலகாரம் விற்றனர். முடிதிருத்தும் நிலையத்தில் மரங்கொத்திக் கொண்டை போட்டனர். பறவையோ வரவில்லை. 2021-இல் அந்நாட்டு வனவிலங்குத் துறை அது அழிந்ததாக அறிவிக்க முன்மொழிந்தது. 2023-இல் இறுதி முடிவு வெளியிட்டபோது இப்பறவையை மட்டும் தனியே ஒதுக்கி வைத்தது. ஐயம் தீரவில்லை என்பதே பொருள்.

தறிக்கும் ஏருக்கும் உரிய இவ்வேட்டில் மரங்கொத்திக்கு என்ன வேலை என்று அங்கத்தினர் கேட்கக்கூடும். அமெரிக்கப் பறவையை அங்கேயே விட்டுவிடுவோம். நமக்கு வடக்கே, கடப்பை மாவட்டத்தில், இதே போன்ற தேடல் ஒன்று நடந்து பறவையும் கிடைத்தது. அது கிடைத்த விதத்தில் நம்மைப் போன்ற சங்கத்தார்க்கு மிகுந்த சம்பந்தம் உண்டு என்பது என் கருத்து.

சென்னைப் படையில் மருத்துவராயிருந்த தாமஸ் ஜெர்டன் என்னும் ஆங்கிலேயரின் பெயரால் 'ஜெர்டான்ஸ் கோர்சர்' என வழங்கும் பறவை அது. 1848-ஆம் ஆண்டில் உலகம் அதனை அறிந்தது. புறாவை விடச் சிறிது குறைந்த பருமன், நீண்ட கால், மண்ணின் நிறம், மார்பில் இரட்டை வடச் சங்கிலி அணிந்தாற்போல் இரண்டு பட்டைகள். பறப்பதினும் ஓடுவதையே பெரிதும் விரும்பும். 1900-ஆம் ஆண்டில் அனந்தப்பூர்ப் பக்கத்தில் காணப்பட்டதாகப் பதிவு உண்டு. அதன்பின் எண்பத்தைந்து ஆண்டுகள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இதற்கிடையே 1917-இல் கோலார்த் தங்கவயலில் கால்நடை மருத்துவராயிருந்த ஒருவர் எடுத்து வைத்த இப்பறவையின் முட்டை ஒன்று, ஸ்காட்லாந்தில் அபர்தீன் பல்கலைக்கழகத்தின் காட்சிசாலையில் கிடந்து, 2013-இல்தான் இன்னதென்று அறியப்பட்டது. நம்மவர் பல்லாயிரவர் உழைத்த தங்கவயலுக்கு இப்படியும் ஒரு பெருமை!

1985-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதனைத் தேட முற்பட்டது. பறவையியல் மேதை சாலிம் அலி அப்போது உயிருடனிருந்தார். தேடும் பொறுப்பு பாரத் பூஷண் என்னும் இளம் ஆய்வாளரிடம் தரப்பட்டது. அவர் பறவையின் படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்று காட்டினார். ஆராய்ச்சியாளர் பலர் செய்யத் தயங்கும் காரியம் இது. ஊராரைக் கேட்டால் தம் படிப்புக்கு இழுக்கு என்று நினைப்போர் உண்டு. 1986 ஜனவரியில் ரெட்டிப்பள்ளி என்னும் சிற்றூரைச் சார்ந்த ஐத்தன்னா, இரவில் விளக்கு வெளிச்சத்தில் புதர்க்காட்டில் நின்ற ஒரு பறவையைக் கையால் பிடித்துவிட்டார். அவர் வேட்டைத் தொழிலில் பழகியவர். இரவில் நடமாடும் உயிரைப் பகலில் தேடிக் காணாமற்போனதில் வியப்பில்லை. இரவில் அக்காட்டில் நடப்பவர்க்கு அது தெரிந்திருந்தது. பிடிபட்ட பறவை பிழைக்கவில்லை. அதன் உடல் பம்பாயில் பாதுகாக்கப்பட்டது. உயிருள்ள வேறு பறவைகள் பின்னர் அக்காட்டிலேயே காணப்பட்டன. 1988-இல் அப்பகுதி ஸ்ரீலங்கமல்லேசுவரர் சரணாலயமாயிற்று. அஞ்சல் தலையிலும் பறவை இடம்பெற்றது.

அவ்வூரார் அதனைக் 'கலிவிக் கோழி' என்கின்றனர். கலிவி என்பது நம்முடைய களாச்செடியே. புதரின் பெயரையே பறவைக்கு இட்டிருக்கிறார்கள். அது எங்கே வாழ்கிறது என்ற கேள்விக்கு விடை பெயரிலேயே இருந்தது, கேட்பாரைத்தான் காணோம். சுங்குடிச் சேலையைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் பலர் உண்டு. நூலை எவ்வளவு இறுக்கினால் சாயம் உள்ளே புகாது என்பதை முடிச்சிடும் பெண்ணிடமே கேட்கவேண்டும். தொழிலறிவு என்பதை நாம் தறியில் ஒப்புக்கொள்கிறோம். ஆடு மேய்ப்பவரிடத்தில் ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை.

கிடைத்த பறவையைக் காப்பது தேடியதை விடக் கடினமாயிற்று. தெலுங்கு கங்கைத் திட்டம் நாம் அறிந்ததே. 1983-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கிருஷ்ணை நீர் சென்னை மாநகர்க்கு வருகிறது. வழியிலுள்ள வயல்களுக்கும் பாய்கிறது. அத்திட்டத்தின் கால்வாய் வேலையே 2005-இல் இப்பறவையின் புதர்க்காட்டிற்குள் புகுந்தது. பொக்லைன் இயந்திரங்கள் களாப் புதரை வாரித் தள்ளத் தொடங்கிய பின்னரே ஆய்வாளர்கள் கண்டு முறையிட்டனர். வேலை நிறுத்தப்பட்டு, கால்வாயின் வழி மாற்றப்பட்டது. இதனால் சென்னையில் எவர் வீட்டுக் குழாயும் வறண்டுவிடவில்லை. தண்ணீரா பறவையா என்று மேடையில் முழங்குவோர் இதனை நினைத்துப் பார்க்கவேண்டும். வரைபடம் வரைந்த நாளிலேயே ஊராரைக் கேட்டிருந்தால் தோண்டிய செலவும் மிச்சமாயிருக்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு; இதுவே என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது. ப. ஜெகநாதன் என்னும் நம் தமிழ் ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் புதர்களுக்கிடையே மண்ணை வரி வரியாகச் சலித்துப் பரப்பி, மறுநாள் அதில் விழுந்த காலடித் தடங்களைக் கொண்டு பறவையின் நடமாட்டத்தை அறிந்தனர். தானாக இயங்கும் காமிராக்களும் வைத்தனர். அவர்கள் கண்டது யாதெனின், புதர் முற்றும் அழிந்த வெளியில் பறவை இல்லை. புதர் மண்டி அடர்ந்த இடத்திலும் இல்லை. எக்டேருக்கு 300 முதல் 700 வரை பெரும்புதர்கள் இடைவிட்டு நிற்கும் இடமே அதற்கு உகந்தது. அத்தகைய இடைவெளி உண்டாவதற்கு அளவான மேய்ச்சலும் விறகு வெட்டுதலும் காரணமாகின்றன. ஆட்டை அடியோடு விரட்டினாலும் கேடு. அளவின்றி விட்டாலும் கேடு. 2025 ஆகஸ்டில் பறவை ஆர்வலர் சிலர் இரவில் அதன் குரலைக் கேட்டு ஒலிப்பதிவு செய்தனர். பல ஆண்டுகள் தடயமின்றி இருந்தபின் கிட்டிய செய்தி அது.

இப்போது நம் ஆத்தூருக்கு வருவோம். காமராசர் நீர்த்தேக்கத்தை அடுத்த தோப்புகளைக் கடந்து சற்றே நடந்தால் களாவும் சூரையும் காரையும் ஆவாரையும் நிற்கும் கரட்டு நிலம் காணப்படும். கலிவிக் கோழி இங்கே உண்டென்று நான் சொல்லவில்லை. ஆள்காட்டியும் கவுதாரியும் உண்டு. ஆடுகளும் அவற்றை நம்பிய குடும்பங்களும் உண்டு. ஆனால் நம் கணக்கில் அந்நிலத்திற்கு 'தரிசு' என்று ஒரே பெயர். மத்திய அரசாங்கம் வெளியிடும் தரிசு நில வரைபட நூலிலும் புதர் நிலம் ஒரு வகைத் தரிசாகவே வைக்கப்பட்டுள்ளது. இதே மாவட்டத்தின் வேடசந்தூர், நத்தம் பகுதிகளையும் கரூர் மாவட்டத்துக் கடவூரையும் சேர்த்து 2022-இல் தேவாங்குச் சரணாலயம் அமைத்தார்கள். பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட வறண்ட காட்டுக்கே அந்தப் பெருமை கிடைத்தது.

நில மேம்பாட்டுக் கடன் கோரும் மனுக்களைப் பார்வையிடுவது என் அலுவலில் ஒரு பகுதி. முன்பு உழுது பின்பு விட்டு, சீமைக் கருவேல் மூடிய பட்டா நிலத்தைத் திருத்துவதற்கு நான் ஒரு சொல்லும் தடை சொல்லேன். விரைந்து கொடுக்கவேண்டும் என்றே எழுதுவேன். என்றும் உழப்படாத கரடு வேறு. அதன் மேல்மண் ஒரு சாண் இராது. புதரைப் பெயர்த்த மறு மழையில் அதுவும் ஓடையோடு போய்விடும். பிறகு கடனுக்கு ஈடாக நிற்பது சரளைக்கல். கிணற்றில் நீருமின்றி, வாரத்துக்குப் பால் கொடுத்த ஆட்டுக்கு மேய்ச்சலுமின்றி, தவணை தவறிய அங்கத்தினரிடம் எதைக் கொண்டு வசூல் செய்வது? பறவைக்காக இரங்க மனமில்லாத நிர்வாகக் குழுவினர் சங்கத்தின் வசூல் கணக்கிற்காகவேனும் இதனைக் கவனிக்கலாம்.

அலுவலக மேசையிலிருந்து பார்த்தால் இவ்விரு நிலங்களும் ஒரே தரிசுதான். வித்தியாசத்தை அறிந்தவர் அதில் நாள்தோறும் நடப்பவர். ஆகையால், இத்தகைய மனு வரும்போது நிலத்தைப் பார்வையிடச் செல்லும் குழுவில் அவ்வூர் மேய்ப்பர் ஒருவரையும் அழைத்துச் சென்று, அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதி, அவரிடம் கையொப்பமோ கைநாட்டோ பெறவேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. நிர்வாகக் குழுத் தீர்மானம் ஒன்று போதும். வரும் பேரவைக் கூட்டத்தில் ஆடு வளர்க்கும் அங்கத்தினர் எவரேனும் இதனை முன்மொழிந்தால், பார்வையிடும் படிவத்தில் அதற்குரிய இடத்தைச் சேர்த்து வரைந்து கொடுக்க நான் ஆயத்தமாயிருக்கிறேன்.