ஸனாவிடம் கேட்கப்படும் கேள்விகள்

நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. தயாரித்த 'ஸ்காம்' தொடரை என் மகள்தான் எனக்கு அறிமுகப்படுத்தினாள். ஒஸ்லோ நகர மேல்நிலைப்பள்ளி மாணவர்களைப் பற்றிய அத்தொடர் 2015-இல் தொடங்கி 2017-இல் நிறைவுற்றது. நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்க்க இயலாத காட்சிகள் அதில் உண்டு என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஆயினும் நான்காவது சீசனைத் தவறாமல் பார்த்தேன். அதன் நாயகி ஸனா, மொரோக்கோ வழிவந்த குடும்பத்துப் பெண், ஹிஜாப் அணிபவள். அவளாக நடித்த ஈமான் மெஸ்கினியும் தம் வாழ்வில் ஹிஜாப் அணிபவரே.

திரையில் ஒரு முஸ்லிம் பெண் வந்தால், அவள் முக்காட்டைக் கழற்றும் காட்சிக்காகவே கதை காத்திருக்கும் என்பது நம் அனுபவம். இங்கே அது நிகழவில்லை. ஸனா தொழுகிறாள், பிறகு தன் வேலையைப் பார்க்கிறாள். ஒஸ்லோவில் ஜூன் மாதத்துச் சூரியன் இரவு பத்தரை மணிக்கும் பிறகே மறைகிறது. அத்தனை நீண்ட நோன்பையும் அத்தொடர் அதிசயமாகக் காட்டாமல், ஒரு வீட்டின் வழக்கமாகவே காட்டுகிறது. அவள் விரும்பும் யூசுஃப், தனக்கு இறைநம்பிக்கை இல்லை என்று கூறும்போது அவள் உடைந்துபோகிறாள். நம் மார்க்கத்தில் அது எத்தகைய சுவர் என்பதை எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டத் தயங்கமாட்டேன்.

என் மனத்தாங்கல் வேறு. நார்வேயில் மேல்நிலைப்பள்ளியின் இறுதியாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து பேருந்து ஒன்றை ஏற்பாடு செய்து, வாரக்கணக்கில் கொண்டாடுவது வழக்கம். மது அக்கொண்டாட்டத்தின் பெரும்பகுதி. குடிக்காத ஸனா அந்தப் பேருந்துக்குப் பொருந்தமாட்டாள் என்று உடன் சேர்ந்த பெண்கள் மறைவில் பேசுகிறார்கள். காயப்பட்ட அவள், பொய்ப் பெயரில் இன்ஸ்டாகிராம் கணக்குத் தொடங்கிப் பழிவாங்குகிறாள். அது பாவம்தான், முஸ்லிம் பாத்திரம் என்பதற்காக அவளை மலக்காகக் காட்டவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவளது பிழை வெளிப்பட்டுக் கணக்குத் தீர்க்கப்படும் வேகத்தில், அவளை ஒதுக்கியவர்களின் கணக்கு ஏறத்தாழ மறக்கப்படுகிறது.

"உம்மா, ஸனா மட்டும் ஏன் இத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்கிறாள்?" என்றாள் மகள்.

அதைவிட உறுத்திய காட்சி ஒன்று. ஸனாவின் நண்பன் ஈசாக் அவளுக்கு அறிவுரை கூறுகிறான்: மக்கள் கேட்கும் அசட்டுக் கேள்விகளுக்கும் நீ பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவர்களாகவே ஒரு பதிலைப் புனைந்துகொள்வார்கள். தர்க்கம் சரிதான். ஆனால் பதினெட்டு வயதுகூட நிரம்பியிராத ஒரு பெண், தான் அழவேண்டிய நேரத்தில், ஒரு சமூகத்தின் அறியாமையையும் சுமக்கவேண்டுமாம். கேட்பவன் நூலகத்துக்குப் போகக்கூடாதா?

கடைசி அத்தியாயம் 2017 ஜூன் 24 அன்று, ரமளான் முடியும் வேளையில் வெளிவந்தது. அதில் பெருநாள் விருந்து வருகிறது. ஆனால் அந்த அத்தியாயம் பிற பாத்திரங்களின் பார்வைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டது. முந்தைய நாயகர்கள் தத்தம் சீசனைத் தாமே முடித்தார்கள். ஸனாவின் முறை வந்தபோது இடம் போதவில்லை. தொடரே முடிகிறது, எல்லோரிடமும் விடைபெறவேண்டும் என்பது புரிகிறது. புரிந்தும் வருத்தமே.

இவ்வளவு எழுதும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் என் மகளிடம் வகுப்பில் கேட்கிறார்கள்: தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாதா? வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்களா? தலையில் அந்தத் துணி வெயிலுக்குச் சுடாதா? ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்கு நான் சொல்லிவந்தது ஒன்றே: முகம் சுளிக்காதே, அழகாகப் பதில் சொல், அதுவும் தஃவாதான். ஈசாக் சொன்னதையே நானும் சொல்லியிருக்கிறேன். அவன் சொன்னபோது மட்டும் எனக்குக் கோபம் வந்தது.

மகளிடம் இதை ஒப்புக்கொண்டேன். களைப்பாக இருக்கும் நாளில் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்றும் சொன்னேன். அவள் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்படிச் செய்தால் ஆசிரியை உங்களைக் கூப்பிடுவார், உம்மா" என்றாள். வருகிறேன் என்றேன்.